ஆளுக்கொரு ஆச்சு

என் தம்பியைப் பற்றி எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தங்கமான மனுஷன் என்பார்கள். அதிர்ந்து பேச மாட்டான், கைச்சுத்தம், வாய்ச்சுத்தம், பெண்டாட்டியை ஒருநாள் கைநீட்டி அடித்ததில்லை என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. கூடப் பிறந்தவள் நானே சொல்கிறேன், அத்தனையும் உண்மை. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவன் கெட்டதைச் செய்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். இவனை என்ன சொல்லித் திட்டுவது?

முதலில் அவன் பஸ் கண்டக்டராக இருந்தான். அப்போதே அவனுக்கு ஒரு பழக்கம். விசிலை வாயில் வைத்துக்கொண்டு சட்டென்று ஊத மாட்டான். படியிலிருந்து இறங்கி முன்படியைப் பார்ப்பான், பின்படியைப் பார்ப்பான். ஏறுகிறவளின் புடவைத் தலைப்பு வெளியே தொங்குகிறதா, யாராவது ஒற்றைக் காலில் தொற்றிக்கொண்டு நிற்கிறார்களா என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஊதுவான். டிரைவர் கத்துவார்: "என்னய்யா, பஸ்ஸுக்குப் பொண்ணு பாக்கிறியா?" இவன் சிரித்துக்கொண்டே, "பாத்தாச்சு, புடிச்சிருக்கு, போங்கண்ணே" என்பான். அவன் விசில் ஊதிய பஸ்ஸிலிருந்து ஒருத்தர்கூட விழுந்ததில்லை. அங்கே அவனைக் கேலி செய்ய அந்த டிரைவர் ஒருவர்தான். ஒற்றை ஆளின் கேலியை யார் வேண்டுமானாலும் தாங்கலாம்.

பஸ் முதலாளி நொடித்துப் போனதும், தம்பி ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்ததும் அவை உருளைக்குப் போகும். உருளை என்பது அங்கே இருக்கும் பெரிய தேய்ப்பு இயந்திரம். முன்பக்கம் நிற்பவர்கள் ஈர விரிப்பைப் பிடித்துக் கொடுப்பார்கள். அது சூட்டில் காய்ந்து, தேய்ந்து பின்பக்கமாக வரும். பின்னால் வரிசையாக நிற்பவர்கள் வாங்கி மடிப்பார்கள். தம்பிக்குப் பின்பக்கம்தான் வேலை.

இயந்திரம் ஆள் உயரத்துக்கும் மேலே. முன்னால் நிற்பவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அடிக்கடி துணி உள்ளே சுற்றிக்கொள்ளும். உடனே நிறுத்துவார்கள். பின்பக்கத்து ஆட்கள் உருளைகளுக்கு நடுவே கையை விட்டு இழுத்து எடுப்பார்கள். மறுபடி ஓட விடுவதற்கு முன்னால், முன்பக்கத்தில் ஸ்விட்ச் அருகே நிற்கிற மேஸ்திரி அங்கிருந்து ஒரு குரல் கொடுப்பார்: "ஆச்சா?"

பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராக "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். ஆளுக்கொரு ஆச்சு. என் கை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லா ஆச்சும் காதில் விழுந்தபிறகுதான் மேஸ்திரி ஸ்விட்சைத் தொடவேண்டும். யார் கண்டுபிடித்த ஏற்பாடோ, மகராசன் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் தம்பி சேருவதற்கு முன்பே அது கெட்டுப்போயிருந்தது. ஒவ்வொருவராகச் சொல்ல எல்லாருக்கும் அலுத்துவிட்டது. மேஸ்திரி "ஆச்சா?" என்றதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் "ஆச்சூ!" என்று இழுப்பார்கள். இப்படி மாற்றவேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஒருவர் அவசரப்பட்டார், அடுத்தவர் கூடச் சேர்ந்துகொண்டார், அவ்வளவுதான். கூட்டமாகக் கத்தும்போது ஒருத்தர் வாய் திறக்கவில்லை என்றால் யாருக்குக் கேட்கும்?

தம்பி போன முதல் நாளே இது அவனுக்கு ஒப்பவில்லை. எல்லாரும் கத்தி முடித்தபிறகு, வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, ஒவ்வொருவர் கையையும் எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தனியாக ஒரு "ஆச்சு" சொன்னான். மேஸ்திரி ஸ்விட்சில் கை வைத்தபடி காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாவது நாள், "யாருடா அது, சந்தேகம்?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அன்றோடு தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று. சந்தேகம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

"சந்தேகம் வந்தாச்சு டோய்!"

"சந்தேகம், கக்கூஸ் போறியா? உள்ள ஆள் இருக்கான்னு எட்டிப் பாத்துட்டு உக்காரு!"

"வீட்டுக்குப் போய் உம் பொண்டாட்டி கையையும் எண்ணிப் பாப்பியா, சந்தேகம்?"

இதெல்லாம் அவனே சொல்லி எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு சிரிப்பு குறைந்தது. வேலை முடிந்ததும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகக் கம்பெனி வேன் வரும். இவன் எட்டிப் பார்ப்பதால் வேலை முடிய நேரமாகிறது, வேன் தாமதமாகிறது, வீட்டுக்குப் போகத் தாமதமாகிறது என்று முணுமுணுத்தார்கள். ஒருநாள் இவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் வேன் போய்விட்டது. எல்லாரும் உள்ளே உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஒருத்தர்கூட டிரைவரிடம் "ஒரு ஆள் பாக்கி" என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரமும் நடந்தே வந்தான்.

அங்கே முறை வைத்து எல்லாருக்கும் டீ வாங்கி வருவது பழக்கம். தம்பியின் முறை வந்த அன்று அவன் வாங்கி வந்த டீயை யாரும் தொடவில்லை. "வயிறு சரியில்ல", "இப்பத்தான் குடிச்சேன்" என்று ஆளாளுக்கு ஒரு காரணம். எல்லாருக்கும் ஒரே நாளில் வயிறு சரியில்லாமல் போனது அதிசயம்தான். தம்ளர்கள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. அப்போது ஒரே ஒருத்தி வந்து ஒரு தம்ளரை எடுத்து மடக்கென்று குடித்தாள். எல்லாரும் மடிப்பக்கா என்று கூப்பிடுகிற அம்மாள். வரிசையில் கோடியில் நின்று மடிக்கிறவள். அவள் மடித்த விரிப்பை அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் ஓரம் பிசகாது என்பார்கள்.

"நீ பாரு தம்பி. யார் என்ன சொன்னாலும் பாரு. நான் கோடியில நிக்கிறவ. உன்னை மாதிரி ஒருத்தன் எட்டிப் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் வேலை செய்கிற மருந்துக் கடைக்கு அவள் வருவாள். எனக்கும் நல்ல பழக்கம். வந்தால் தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போக மாட்டாள்.

ஒரு தம்ளர் டீயும் ஒரு நல்ல வார்த்தையும் எத்தனை நாளைக்குக் காணும்? தம்பி வீட்டில் பேசுவதை நிறுத்தினான். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான், சுவரைப் பார்த்துப் படுத்தான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து புலம்பினாள்.

"நாலு பேரோட ஒத்துப் போனாத்தானே அண்ணி பொழைக்க முடியும்? இவரு மட்டும் என்ன வானத்துலருந்து குதிச்சாரா? எல்லாரும் சொல்ற ஆச்சுவ இவரும் சொல்லிட்டுப் போனா வாய் வெந்துடுமா?"

நாலு பேர், நாலு பேர்! பிறந்ததிலிருந்து கேட்கிறேன். நாலு பேர் என்ன சொல்வார்கள், நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், நாலு பேர் போகிற வழியில் போ. அந்த நாலு பேர் யார், எங்கே குடியிருக்கிறார்கள் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை.

ஒருநாள் தம்பி மாறினான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரி "ஆச்சா?" என்றார். எல்லாரோடும் சேர்ந்து இவனும் "ஆச்சூ!" என்று கத்தினான். எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். கூடம் அதிரக் கைதட்டினார்களாம். மேஸ்திரியே பின்பக்கம் வந்து தோளில் தட்டி, "சந்தேகம் தெளிஞ்சுடுச்சுடா!" என்றாராம். அன்றைக்கு வேனில் இவனுக்கு ஜன்னலோர இடம். வீட்டுக்கு வரும்போது மிட்டாய்ப் பொட்டலம் வாங்கி வந்தான். வெகு நாள் கழித்து அவன் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவி மகன் எத்தனை நாள் தனியாகக் கிடந்திருக்கிறான்!

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் அவன்தான் முதல் ஆள். மடிப்பக்கா ஒருநாள் "இருங்கய்யா, என் கை உள்ள இருக்கு" என்று சத்தம் போட்டபோது, "என்னக்கா, உருளைக்குள்ள நகை தேடுறீங்களா?" என்று கேட்டதும் இவன்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்? இதை அவன் என்னிடம் பெருமையாகச் சொன்னான். நகைச்சுவை சொன்னானாம்!

அந்த வாரம் மடிப்பக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையைச் சுழற்றினாள். சப்பி விழுங்குகிற மாத்திரை கொடுத்தேன். "பேசாதீங்க, சத்தம் அப்படியே போயிடும்" என்று நான் சொன்னதற்கு, உதட்டில் விரல் வைத்துச் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று மதியம் உருளையில் விரிப்பு சுற்றிக்கொண்டது. நிறுத்தினார்கள். இவள் நின்ற கோடியில்தான் சிக்கல். கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி "ஆச்சா?" என்றார். "ஆச்சூ!" என்று கூட்டம் கத்தியது. என் தம்பியும் கத்தினான். மேஸ்திரி ஸ்விட்சைப் போட்டார்.

வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

செய்தி தெரிந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மனசு கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருத்தன் மெதுவாக, "ஆச்சுன்னு சொன்னாங்களேப்பா" என்றான். இன்னொருத்தி, "ஆமா, கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். மூன்றாவது ஆள், "மாதிரி என்ன, நல்லாவே கேட்டுச்சு" என்றான்.

அப்போது என் தம்பி சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், சத்தியமாகச் சொன்னான்:

"எனக்கு அவங்க குரல் கேக்கலையே."

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில் கேட்டார்.

"என்ன சந்தேகம், மறுபடி ஆரம்பிச்சுட்டியா?"

அந்த நாலு பேரை அன்றைக்குத்தான் நான் நேரில் பார்த்தேன். தம்பி தரையைப் பார்த்தான்.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வரப்போகிறார் என்று தெரிந்தது. விஷயம் எளிது. மடிப்பக்கா "ஆச்சு" சொல்லாமல் இயந்திரம் ஓடியிருந்தால் தப்பு கம்பெனி மேல், நஷ்டஈடு வரும். அவள் சொல்லிவிட்டுக் கையை உள்ளே வைத்திருந்தால் தப்பு அவள் மேல், ஒன்றும் கிடையாது. அவள் புருஷனுக்கு முதுகுவலி, கனமாக எதையும் தூக்க முடியாதவன். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கு என்னடா சொல்லப் போறே?"

"நடந்ததைத்தான்கா சொல்லுவேன்."

"என்ன நடந்துச்சு?"

"அவங்க ஆச்சு சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டேய், ஆஸ்பத்திரியில கேக்கலேன்னு சொன்னியேடா!"

"அப்ப பதட்டத்துல சொல்லிட்டேன். அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசினோம். யோசிச்சுப் பாத்தா ஞாபகம் வருது. கோடியிலருந்து சன்னமா வந்துச்சு."

"அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுடா! காலையில எங்கிட்ட கையைக் காட்டித்தான் மாத்திரை கேட்டா!"

"மதியம் தொண்டை விட்டுடுச்சுக்கா. பேசிட்டுத்தான் இருந்தாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா யாருடா? உனக்குத் தெரியுமா?"

"இத்தனை பேரும் பொய்யா சொல்லுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டான். இவன் சின்ன வயதில் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்குக் காது சாதாரணமாக இருந்தது. பொய் சொல்கிறான் என்றால் அறைந்திருப்பேன். இவன் நம்புகிறான். தினமும் டீ குடித்துக்கொண்டே பேசிப் பேசி, கேட்காத குரலை இவன் காதுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானே அதிகாரியிடம் போனேன். தொண்டை விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க அந்த நேரத்துல மிஷின் பக்கத்துல இருந்தீங்களாம்மா?"

"இல்லைங்க."

"அங்க இருந்தவங்க எல்லாரும் ஒண்ணாச் சொல்றாங்களே?"

"ஒண்ணாச் சொன்னதுதாங்க வினையே!" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒருத்தர் சொன்னால் சந்தேகப்படுவார்களாம், எல்லாரும் சொன்னால் அது சாட்சியாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சுற்றிலும் உட்கார்ந்து ஆளுக்கொரு கைச் சோறு போட்டால் மறைத்துவிடலாம் என்று அன்று கண்டேன். கவனக்குறைவு தொழிலாளியுடையது என்று தீர்ப்பாகிவிட்டது.

மடிப்பக்காவின் புருஷன் விடவில்லை. மேல் அதிகாரியிடம் முறையிடப் போவதாகச் சொல்லி வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் வீட்டுக்கு வந்தபின் சலவைக் கூடத்து ஆட்கள் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். தம்பியும் போனான். நானும் கூடவே போனேன். அவள் முகத்தைப் பார்த்தால் இவனுக்கு ஏதாவது உறைக்காதா என்று ஒரு நப்பாசை.

சின்ன அறை. எல்லாரும் சுவரோரமாக நின்றோம். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடியிருந்தாள். யாரையும் திட்டவில்லை. எல்லாரையும் உட்காரச் சொன்னாள், உட்கார இடமில்லை. குரல் தெளிந்திருந்தது.

"யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன். நான் சொன்ன ஞாபகமே இல்ல. தொண்டையிலருந்து சத்தமே வரலைன்னுதான் நெனப்பு. ஆனா இத்தனை பேரு கேட்டோம்னு சொல்றீங்க. இத்தனை பேருக்கும் எம்மேல என்ன பகை? நான்தான் சொல்லிட்டு மறந்துட்டேனோ என்னவோ."

"அப்படி இல்லக்கா" என்று நான் வாய் எடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் தம்பியைப் பார்த்தாள்.

"நீ சொல்லு தம்பி. மத்தவங்களை விடு. நீ எட்டிப் பாத்துட்டுப் பேசுறவன். நீ சொன்னா நான் நம்புவேன். நான் சொன்னேனா?"

வாசற்படியில் நின்றிருந்த அவள் புருஷன் உள்ளே ஓரடி வந்தான். அறையில் இருந்த அத்தனை பேரும் என் தம்பியின் வாயைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். "தெரியலக்கா" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் என் மனதுக்குள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பட்டப்பெயரை இல்லை, வீட்டில் வைத்த பெயரை.

அவன் கட்டிலருகே போனான். அவளுடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"சொன்னீங்கக்கா. நான் கேட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். ஏதோ பாரம் இறங்கிய மாதிரி தலையணையில் சாய்ந்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா? தப்பு எம்மேலதான். இனிமே வக்கீலு அது இதுன்னு யாருகிட்டயும் போய் நிக்காதீங்க" என்றாள்.

புருஷன் சரி என்று தலையசைத்தான்.